சுயநலம் எப்போது வசையானது?

கோபியில் பி.ஏ. பொருளியல் படிக்கிற என் அக்கா மகள் போன வாரம் வீட்டுக்கு வந்தவள், காபி ஆறுவதற்குள் ஒரு கேள்வியைப் போட்டாள். "ஏனுங் மாமா, அவங்கவங்க சுயநலத்தைப் பார்த்தாலே சந்தை ஒழுங்கா நடக்கும்னு பாடத்துல இருக்குது. வீட்டுல அதே வார்த்தையைச் சொன்னா அப்பா சண்டைக்கு வர்றாங்க. அது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா? மொதல்ல இருந்தே இப்படித்தானுங்களா?"

அப்போதைக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. நான் தமிழாசிரியர் இல்லை, ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன். ஆனால் பழைய நூல்களைப் புரட்டுகிற பழக்கம் உண்டு, லாபம் பார்க்கிறவர்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்ததால் இந்தச் சொல்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியமும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். சுயம் கெட்ட சொல் கிடையாது. சுயமாகச் சம்பாதித்தான் என்றால் பாராட்டு. நலம் அதைவிட நல்ல சொல், கடிதத்தின் முதல் வரியே அதுதான். இரண்டு நல்ல சொற்களைச் சேர்த்தால் ஒரு வசை வருகிறது. பாலும் நல்லது, மோரும் நல்லது, ஆனால் பாலில் மோர் விழுந்தால் பாயசம் வைக்க முடியாது. அப்படித்தான் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

திருக்குறளில் 92-ஆம் அதிகாரம் வரைவின்மகளிர், அதாவது பொருளுக்காகப் பழகும் பெண்களைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் நடத்தாமல் தாண்டிப் போகிற அதிகாரம். அதில் அடுத்தடுத்து வருகிற இரண்டு குறள்களைப் பாருங்கள். 915-ஆவது:

பொதுநலத்தார் புன்னலம் தோயார் மதிநலத்தின்
மாண்ட அறிவி னவர்.

916-ஆவது:

தந்நலம் பாரிப்பார் தோயார் தகைசெருக்கிப்
புன்னலம் பாரிப்பார் தோள்.

இன்றைய தமிழை வைத்துக்கொண்டு படித்தால் தலை சுற்றும். பொதுநலத்தார் என்றால் யார்? விலை கொடுக்கிற எல்லோருக்கும் பொதுவான நலத்தை உடைய பெண்கள். அறிவுள்ளவர்கள் அவர்கள் பக்கம் போகமாட்டார்கள் என்கிறது குறள். தந்நலம் பாரிப்பார் என்றால் யார்? தம்முடைய நல்ல குணத்தை, புகழை, உலகத்தில் பரப்ப நினைக்கிற உயர்ந்தவர்கள். பரிமேலழகரும் அந்தப் பொருளில்தான் உரை சொல்கிறார். ஆக, வள்ளுவர் தமிழில் பொதுநலத்தார் என்றால் ஒதுங்கவேண்டிய ஆள், தந்நலம் பாரிப்பவர் என்றால் பெரிய மனிதர். இன்றைக்கு ஒரு கட்சிக் கூட்டத்தில் தலைவரை "பொதுநலத்தார்" என்று வள்ளுவர் தமிழில் வாழ்த்திப் பேசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் மாலையோடு கைதட்டுவார், மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற புலவர் மட்டும் குனிந்து சிரிப்பார்.

(அந்தப் பெண்களுக்கும் ஒரு பிழைப்பு இருந்தது, அவர்கள் பக்கத்துக் கணக்கை அந்த அதிகாரம் கேட்கவே இல்லை என்பது வேறு வழக்கு. இங்கே அதற்கு இடமில்லை.)

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குக் காரணம் நலம் என்ற சொல்தான். பழந்தமிழில் நலம் என்றால் பெரும்பாலும் அழகு. காமத்துப்பாலில் நலம்புனைந்துரைத்தல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, காதலியின் அழகைப் புகழ்வது. படிப்பில்லாதவனின் "எழில்நலம்" மண்பொம்மையின் அழகு மாதிரி என்கிறது 407-ஆவது குறள். பிறகு நலம் என்றால் சிறப்பு, மேன்மை. "நாநலம் என்னும் நலனுடைமை அந்நலம் யாநலத்து உள்ளதூஉம் அன்று" என்று ஒரே குறளில் நான்கு நலம் வரும், அங்கே அழகுக்கு வேலை இல்லை, பேச்சுத்திறமைதான் விஷயம். நம்மாழ்வார் திருவாய்மொழியைத் தொடங்குவதே "உயர்வற உயர்நலம் உடையவன்" என்றுதான், அங்கே அது கடவுளின் குணம். அழகு, குணம், சிறப்பு எல்லாம் ஒருவரிடம் இருப்பவை. இருப்பது கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. என் பேச்சு நன்றாக இருந்தால் உங்கள் பேச்சு கெட்டுவிடாது.

பின்னால்தான் நலம் என்பது உடம்பு சுகமாகவும், நன்மையாகவும், கடைசியில் கிடைக்கிற ஆதாயமாகவும் ஆனது. ஒருவரிடம் இருப்பது என்ற நிலையிலிருந்து ஒருவருக்குக் கிடைப்பது என்ற நிலைக்கு வந்துவிட்டது. கிடைப்பது என்று வந்தால் பங்கு வரும். பங்கு வந்தால் சண்டை வரும். எங்கள் ஊர்ப் பக்கம் இதை விளக்கவே வேண்டாம், பங்காளி என்ற சொல்லுக்குள்ளேயே பங்கும் இருக்கிறது, தகராறும் இருக்கிறது.

அப்படியானால் அந்தக் காலத்தில் தன்னை மட்டும் பார்க்கிறவனே இல்லையா, அவனைத் திட்டச் சொல்லே இல்லையா என்றால், ஆள் இருந்தான், ஆனால் அதற்கென்று ஒரு பெயர்ச்சொல்லை அச்சுப் போட்டு வைத்துக்கொள்ளவில்லை. வாக்கியமாகத்தான் சொன்னார்கள். புறநானூறு 182-இல் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இந்த உலகம் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டு, "தமக்கென முயலா நோன்தாள் பிறர்க்கென முயலுநர்" இருப்பதால்தான் என்று முடிக்கிறார். குறள் 72, "அன்பிலார் எல்லாம் தமக்குரியர்" என்கிறது. தமக்குரியர் என்ற சொல்லை இன்றைக்குச் சொல்லிப் பாருங்கள், யாருக்கும் அடிமைப்படாத ஆள் என்று பாராட்டுவது போலக் கேட்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். தமக்கு, தந்நலம், இரண்டிலும் இருப்பது "தம்". தன் ஒருமை, தம் பன்மை. அதே தம்மிலிருந்துதான் தமர் என்ற சொல், தம்மைச் சேர்ந்தவர்கள். தான் என்று சொல்லும்போதே பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். இதைப் பிறகு பார்க்கலாம்.

நடுவில் ஒரு தகவல், பலருக்குப் புதிதாக இருக்கும். ஈரோட்டில் ஒரு நண்பர் மகன் கல்யாணம், தேவாலயத்தில். 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் வாசித்தார்கள், அன்பைப் பற்றியது. "அயோக்கியமானதைச் செய்யாது, தற்பொழிவை நாடாது, சினமடையாது" என்று வந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மெதுவாக என் காதில், "தற்பொழிவுன்னா என்னங்க, சொற்பொழிவு மாதிரியா?" என்றார். இல்லைங்க, தனக்கு வேண்டியதைத் தேடுவது, நாம சுயநலம்னு சொல்றதுதான் என்றேன். "அப்ப அப்படியே சொல்லியிருக்கலாமே" என்றார். நியாயமான கேள்வி. அதே பைபிளில் 2 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில், கடைசி நாட்களில் மனுஷர்கள் "தற்பிரியராயும், பணப்பிரியராயும்" இருப்பார்கள் என்று வரும். 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் அது. இன்றைக்கு ஒருவர் புதிதாக மொழிபெயர்த்தால் இரண்டு இடத்திலும் யோசிக்காமல் சுயநலம் என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். அன்றைக்கு மொழிபெயர்த்தவர்கள் தற்பொழிவு என்றும் தற்பிரியர் என்றும் தேடித் தேடி வைத்திருக்கிறார்கள். அதாவது, சுயநலம் என்பது அப்போது நாக்கில் தயாராக நிற்கிற சொல்லாக இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு எப்போது தயாரானது? என் கணிப்பில், "சுய" என்ற முன்னொட்டுக்கு நல்ல காலம் பிறந்தபோது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது வருஷத்தை எடுத்துக்கொண்டால் எங்கே பார்த்தாலும் சுயம்தான். சுயராஜ்யம் கேட்கிறார்கள். 1923-இல் சுயராஜ்யக் கட்சி வருகிறது. 1925-இல் இதே ஈரோட்டிலிருந்து பெரியார் குடிஅரசு பத்திரிகையைத் தொடங்குகிறார், சுயமரியாதை என்பது ஓர் இயக்கத்தின் பெயராகிறது. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்குக்கும் இதில் சம்பந்தம் உண்டு, அவரை அங்கே கொண்டுபோய் விட்ட சுதேசி என்ற சொல்லின் தலையில் இருக்கிற "சு"வும், சுயத்துக்கு மூலமான அதே வடமொழி "ஸ்வ"தான், தன் என்று பொருள்.

சுய என்றால் நெஞ்சை நிமிர்த்துகிற காலம் அது. அந்தக் காலத்து மேடையில்தான் சுயநலம் என்ற சொல்லுக்கு இன்றைய காரம் ஏறியிருக்க வேண்டும். சிறைக்குப் போகிறவன் ஒரு பக்கம், பட்டமும் பதவியும் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறவன் ஒரு பக்கம். இரண்டாமவனுக்கு ஒரு பெயர் வேண்டுமே. சுயத்தின் சொந்தக்காரர் ஒரு நாடாகவோ சமூகமாகவோ இருந்தால் அது பெருமை, ஒற்றை ஆளாக இருந்தால் அது இழிவு. முழுக்க விதி என்று சொல்லமாட்டேன், சுயதொழில் செய்கிறவரை யாரும் திட்டுவதில்லை. ஆனால் சுயராஜ்யம், சுயமரியாதை, சுயாட்சி, சுய உதவிக் குழு என்று வரிசையாக வைத்து, மறுபக்கம் சுயபுராணம், சுயதம்பட்டம், சுயவிளம்பரம், சுயநலம் என்று வைத்துப் பாருங்கள், கோடு தெரியும்.

அதோடு பொதுநலம் என்ற ஜோடியும் சேர்ந்துகொண்டது. வள்ளுவர் காலத்துப் பழைய அர்த்தம் முழுதாக மறந்துபோய், பொதுநலம் என்றால் ஊருக்கு நல்லது என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் அமைந்துவிட்டால் அதன் தலையெழுத்தே மாறிவிடும். பொதுநலம் வெள்ளை என்றால் சுயநலம் கறுப்பாகத்தான் இருந்தாகவேண்டும், நடுவில் நிறம் கிடையாது. 1952-இல் பராசக்தி நீதிமன்றக் காட்சியில் கதாநாயகன் தன் சுயநலத்துக்குள் பொதுநலமும் கலந்திருக்கிறது என்று வாதாடி, குளத்து மீனை உதாரணம் காட்டுவான். அந்த வசனம் அவ்வளவு பிரபலமானதற்கு மொழிநடை மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அந்த ஜோடி அதற்குள் ஜனங்கள் மனதில் அவ்வளவு கெட்டியாகியிருந்தது. எதிரும் புதிருமாக நின்ற இரண்டையும் ஒருவன் கலந்து காட்டியதும் கொட்டகை அதிர்ந்தது.

சுயநலவாதி என்ற சொல்லும் அந்த மேடைத் தமிழின் பிள்ளைதான். வாதி என்றால் வாதாடுகிறவன், ஒரு கொள்கையைப் பேசுகிறவன். நான் பார்த்த எந்தச் சுயநலக்காரரும் சுயநலத்துக்காக வாதாடியதில்லை. அவர்கள் எல்லோரும் பொதுநலவாதிகளாகத்தான் பேசினார்கள்.

அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. எங்கள் மண்டலத்துக்குள்ளேயே இதைச் சுற்றிப் பார்த்துவிடலாம். சத்தியமங்கலத்துக்கு மேலே தாளவாடியில் கன்னடம் பேசுகிறவர் ஸ்வார்த்த என்பார். கோவையில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர் ஸ்வார்த்தம் என்பார். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் ஸ்வார்த்தத. எல்லோரும் ஸ்வ, அர்த்த என்ற வடமொழி ஜோடியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அர்த்தம் என்றால் அங்கே நோக்கம், பொருள், செல்வம் எல்லாமும். தமிழில் அர்த்தம் என்பது சொல்லின் பொருள் என்ற ஒரே வேலையில் அமர்ந்துவிட்டது, அதனால் சுவார்த்தம் என்றால் நமக்கு "சொந்த அர்த்தம்" மாதிரித்தான் கேட்கும். ஆகவே தமிழ் பாதியை வாங்கி, மீதிக்கு நலத்தை ஒட்டிக்கொண்டது. சைவ சித்தாந்த அளவை நூல்களில், அதாவது தர்க்க நூல்களில், தன்பொருட்டு அனுமானம், பிறர்பொருட்டு அனுமானம் என்று இரண்டு வகை சொல்வார்கள், வடமொழியில் ஸ்வார்த்த, பரார்த்த. புகையைப் பார்த்து நெருப்பு இருக்கிறது என்று எனக்குள் தெரிந்துகொண்டால் தன்பொருட்டு, அதை உங்களுக்கு எடுத்துச் சொல்லி நிறுவினால் பிறர்பொருட்டு. எவ்வளவு சுத்தமான, யாரையும் திட்டாத பிரிவு! அந்த வழியில் போயிருந்தால் நம் கையில் ஒரு நடுநிலைச் சொல் இருந்திருக்கும்.

ஆங்கிலத்திலும் கதை ரொம்பப் பழையது இல்லை. செல்ஃபிஷ் என்ற சொல் 1640-கள் வாக்கில், அங்கே மதச் சண்டையும் உள்நாட்டுப் போரும் நடந்த காலத்தில்தான் புழக்கத்துக்கு வருகிறது. அங்கேயும் அது ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைத் திட்டப் பிறந்த சொல் போலத்தான் தெரிகிறது. அதற்கு எதிராக நிற்கிற ஆல்ட்ரூயிசம், பிறர் நலம் பார்ப்பது, 19-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸில் ஆகஸ்ட் கோம்த் என்ற தத்துவவாதி செய்த சொல்.

சரி, தன்னலம் என்று சுத்தத் தமிழில் சொன்னால் என்ன? 1916 வாக்கில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு வடசொல் கலந்ததையெல்லாம் தமிழாக்கினார்கள். சுயமரியாதை தன்மானம் ஆனது, சுயநலம் தன்னலம் ஆனது. தன்மானம் வீதிக்கு வந்துவிட்டது, தன்னலம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. "தன்னலமற்ற தொண்டு" என்று இரங்கல் கூட்டத்தில் சொல்வார்கள், அவ்வளவுதான். வாய்க்கால் தகராறில் ஒருவரும் "தன்னலம் பிடித்தவனே" என்று சொல்லிக் கேட்டதில்லை. சுயநலம்தான் பிடிக்கும். இந்தப் "பிடிக்கிற" விஷயத்தைக் கவனியுங்கள். பேய் பிடித்தவன், கிறுக்குப் பிடித்தவன், சுயநலம் பிடித்தவன். நம்மவர்கள் அதை ஒரு குணமாகக்கூட வைக்கவில்லை, வெளியிலிருந்து வந்து ஏறிக்கொள்கிற நோயாக வைத்திருக்கிறார்கள்.

காரியக்காரன் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். கல்வெட்டுகளில் ஸ்ரீகாரியம் என்றால் கோயில் நிர்வாகம், அதைப் பார்க்கிறவர் மரியாதைக்குரிய அதிகாரி. ஜமீன், பாளையம் காலத்திலும் காரியக்காரர் பெரிய பதவி. இன்றைக்கு "அவன் பெரிய காரியக்காரன்" என்றால், சிரித்துக்கொண்டே வேலையை முடித்துக்கொள்கிறவன், கொஞ்சம் எட்டி நில் என்று அர்த்தம். ஊர்க் காரியம் பார்த்தவன் தன் காரியம் பார்ப்பவனாகிவிட்டான். ஆதாயம் மட்டும் அந்த அளவுக்குக் கெடவில்லை, கன்னடத்தில் அது வெறும் வருமானம், வருமான வரிக்கே அங்கே ஆதாய தெரிகெ என்றுதான் பெயர்.

இப்போது சந்தைக்கு வருவோம், என் அக்கா மகளின் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, ஒருமுறை கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்கு ஒரு எருதை ஓட்டிக்கொண்டு போனார். எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும், கூடவே போனேன். வியாழக்கிழமைச் சந்தை, வெயில் ஏறுவதற்கு முன்பே கூட்டம். வாங்க வந்தவரும் அப்பாருவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, தோளில் கிடந்த துண்டை இருவர் கைமேலும் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசினார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது. துண்டு மட்டும் அசையும். தரகர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். வாங்க வந்தவர் கையை உருவிக்கொண்டு, "கட்டாதுங்க" என்றார். அப்பாரு, "எனக்கும் கட்டோணுமல்லங்க" என்றார். மறுபடியும் துண்டு. கடைசியில் படிந்தது. பணத்தை எண்ணி வாங்கிய பிறகு அப்பாரு சொன்னார்: "ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. இதை இடப்பக்கம் பூட்டுனா இழுக்காது. வலத்துல போடுங்க, நல்லாப் போவும்." தரகருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஆள் மனசு மாறிப் போயிருந்தால் தரகும் போயிருக்கும். "என்னுங்க கவுண்டரே, பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கறீங்க" என்றார். அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த வியாழக்கெழமையும் இதே சந்தைக்குத்தானப்பா வரோணும்" என்றார்.

இதற்கு என்ன பெயர் வைப்பது? தியாகம் இல்லை, அவர் விலையில் ஒரு ரூபாய்கூட விடவில்லை. அடுத்த வாரத்துச் சந்தையைக் கணக்குப் போட்டுத்தான் உண்மையைச் சொன்னார், அதனால் பொதுநலமும் இல்லை. சுயநலம் என்றால் அவரை அறிந்தவர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் அந்த இடத்தில் ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது, இரண்டு பேருமே அதைச் சொன்னார்கள்: கட்டுவது. கட்டுபடியாகிறது, கட்டுபடியாகவில்லை. மஞ்சள் மண்டியிலும் முப்பது வருஷம் இதைத்தான் கேட்டேன். வியாபாரி விரலி மஞ்சளை எடுத்து உடைத்து, உள்நிறத்தைப் பார்த்து, "குவிண்டாலுக்கு இதுக்கு மேல எனக்குக் கட்டாதுங்க" என்பார். கொண்டுவந்த விவசாயிக்கு அதில் கோபம் வராது, வருத்தம் வேண்டுமானால் வரும். தன் ஆதாயத்தைத்தான் அவர் வெளிப்படையாகப் பேசுகிறார், ஆனால் அதில் எவருக்கும் இழுக்கு இல்லை. பொருளியல் புத்தகத்தில் வருகிறதே, அவரவர் ஆதாயத்தைப் பார்த்து நடப்பது, அதற்கு நாட்டுத் தமிழில் இருக்கிற மிகச் சரியான சொல் இதுதான் என்பேன். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்ற பழமொழியும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான்.

பிழைக்கத் தெரிந்தவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் பொழைக்கத் தெரியாதவன் என்றால் பெரிய குறை, கல்யாணத் தரகர் காதில் விழுந்தால் ஜாதகம் திரும்பி வந்துவிடும். பொழைக்கத் தெரிஞ்சவன் என்றால் பாராட்டா என்றால், சொல்கிறவர் உதட்டைப் பார்க்கவேண்டும். ஒரே சொல், சாலை ஓரத்தில் டீக்கடை வைத்து நாலு பிள்ளைகளைப் படிக்கவைத்தவருக்கும் போகும், தேர்தலுக்குத் தேர்தல் துண்டை மாற்றுகிறவருக்கும் போகும். இடதுசாரிகள் அதைப் பிழைப்புவாதம் என்று ஆக்கியபோது பாராட்டு முழுக்க வடிந்து வசை மட்டும் தங்கியது. மறுபடியும் அந்த வாதம்!

இன்ட்ரஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. லத்தீனில் இன்டர்எஸ்ஸே என்றால் இடையில் இருப்பது. ஐரோப்பாவில் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்றபோது, கடன் வாங்கியவன் சொன்ன தேதியில் திருப்பித் தராததால் வந்த இழப்புக்கு ஈடு என்று ஒன்றை வாங்கிக்கொண்டார்கள், அதற்கு இந்தப் பெயர். அதுவே வட்டியாகி, பங்காகி, நலனாகி, கடைசியில் ஆர்வமும் ஆகிவிட்டது. 1916-இலும் 1926-இலும் இரண்டு வங்கிகள் பிறந்த கரூரில் போய் "அவருக்கு அந்த இடத்துல இன்ட்ரஸ்ட் இருக்குது" என்று சொன்னால், ஆசையா, பங்கா, வட்டிப் பணமா என்று எதிரே இருப்பவர் கேட்காமலே புரிந்துகொள்வார். நம் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். பொலி என்றால் பெருகுவது. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லும் பொலிதான், பொலிகாளையில் இருப்பதும் அதே பொலிதான். பணம் குட்டி போடும் என்பதை நம்மவர்கள் களத்து மேட்டிலிருந்தே யோசித்திருக்கிறார்கள்.

அரசாங்கத் தமிழ் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறது, தெரிந்து செய்தார்களோ என்னவோ. நலம், நலன் இரண்டும் ஒரே சொல், ம் இருக்கிற இடத்தில் ன் வருவது பழைய இலக்கணம் ஒப்புக்கொண்ட வழக்கம்தான், நன்னூலிலும் இருக்கிறது (நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரைப் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று நாங்கள் உரிமை கொண்டாடுவோம், அதையும் இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன்). இன்றைய வழக்கில் இரண்டும் தனிக்குடித்தனம் போய்விட்டன. நலம் என்றால் உடம்பு, நலன் என்றால் ஆதாயம். விவசாயிகள் நலன், நாட்டு நலன், நுகர்வோர் நலன். "இரு தரப்பு நலன்கள்" என்று பன்மையிலும் வரும். இதில் வசை வாடை அடிப்பதில்லை. சுயநலன் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, சொல்லிப் பார்த்தால் திட்டு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஆனால் சொல்லை எப்படி வைத்தாலும் வாழ்க்கையில் இந்த இரண்டும் தனித்தனிப் பெட்டியில் இருப்பதில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியபோது, வழக்குப் போட்டது நொய்யல் பாசன விவசாயிகள் சங்கம். கெட்டுப்போனது அவர்கள் கிணறு, அவர்கள் தென்னை. சொந்த நஷ்டத்துக்குத்தான் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஆற்றுக்கும் அது நல்லதாக இருந்தது, வேலை போன தொழிலாளிக்கு இடியாக இருந்தது. அந்த வருஷம் திருப்பூரில் இரண்டு பக்கமும் மற்றவரைச் சுயநலம் என்றுதான் பேசினார்கள், எங்கள் சொந்தத்திலேயே ஒரு வீடு இந்தப் பக்கம், ஒரு வீடு அந்தப் பக்கம். பெரியம்மா மகன் சாயப்பட்டறைச் சூப்பர்வைசர், சித்தப்பா ஆயக்கட்டு விவசாயி. ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு, ரசம் வரும்வரை எல்லோரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தோம்.

சொந்தம் என்று இப்போது எழுதினேன் பாருங்கள், அந்தச் சொல்லும் இதில் ஒரு சாட்சி. சொந்தக்காரர் என்றால் உடைமையாளர், உறவினரும் அவரே. "இந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்" என்றால் ஒன்று, "அவர் எங்க சொந்தக்காரர்" என்றால் இன்னொன்று. தனக்கு என்பதும் தன்னுடையவர்களுக்கு என்பதும் நம் வாயில் ஒட்டிக்கொண்டே வருகின்றன, பழைய தம்-தமர் மாதிரி. அதனால்தான் ஐம்பது ஏக்கரை வளைத்துப்போட்ட ஆளைக் கேட்டால், "நானா தலையில வச்சுக் கட்டிட்டுப் போகப்போறேன், எல்லாம் புள்ளைகளுக்குத்தானுங்க" என்கிறார், அவர் பொய்யும் சொல்லவில்லை. என் மச்சான், அதாவது கேள்வி கேட்டவளின் அப்பா, சுயநலம் என்றதும் சண்டைக்கு வருவதும் இதனால்தான். அந்த மனிதர் பத்து வருஷமாக ஒரே மொபெட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவர் கணக்கில் தனக்கென்று எதுவும் செய்துகொண்டதே இல்லை. வீட்டு ஆட்களுக்குச் செய்ததைக் கூட்டினால் என்ன வரும் என்று நான் கேட்கவில்லை, அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு அதைக் கேட்க முடியாது.

பாடத்தில் இருக்கிற விஷயம் ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியது. நமக்குச் சாப்பாடு கிடைப்பது இறைச்சிக்கடைக்காரர், பீர் காய்ச்சுபவர், ரொட்டி சுடுபவர் இவர்களின் கருணையால் இல்லை, அவர்கள் தங்கள் ஆதாயத்தைப் பார்ப்பதால்தான் என்பார். அந்த இடத்தில் அவர் செல்ஃபிஷ் என்ற திட்டுச்சொல்லைப் போடவில்லை. ஓரிடத்தில் "தங்கள் சொந்த இன்ட்ரஸ்ட்" என்கிறார், அடுத்த வரியில் தன்மேல் இருக்கிற அன்பு என்கிற சொல்லைப் போடுகிறார், பைபிள்காரர்களின் தற்பிரியத்துக்குப் பக்கத்து வீடு. அதைத் தமிழில் சுயநலம் என்று போட்டவுடன் நூறு வருஷத்து மேடை முழக்கம் எல்லாம் வந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது, படிக்கிற பிள்ளை குழம்பிப்போகிறது.

நேற்று ராத்திரி போனில் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். "அப்ப பரீட்சையில என்ன எழுதட்டுங் மாமா?" என்றாள். "கோயமுத்தூர்ல தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்குதல்ல கண்ணு, அதையே எழுது. பேக்கரிக்காரருக்குக் கட்டுபடியாவதால்தான் விடிகாலையில் எழுந்து பன் சுடுகிறார்னு எழுது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கட்டுபடின்னு எழுதுனா எங்க மேடம் மார்க் போட மாட்டாங்க மாமா, பேசாம தன்னலம்னே எழுதிடறேனுங்" என்றாள்.